முதல் ரயிலும் இரண்டு பியர் கோப்பைகளும்

சீனாவின் சோங்சிங்கிலிருந்து கிளம்பிய முதல் சரக்கு ரயில் ஜெர்மனியில் உள்ள எங்கள் டூயிஸ்பர்க் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் தொண்டை கிழியக் கத்தினோம். எத்தனை மாத இழுபறிப் பேச்சு! எங்கள் முதலாளி டெட்லெஃபும் சீன ரயில் நிறுவன அதிபர் ஃபூவும் பியர் கோப்பைகளோடு எதிரெதிரே நின்றார்கள். மொழிபெயர்ப்பாளரான நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"தலைவரே, மரியாதை காட்ட அவங்க கோப்பையத் தாழ்த்தி முட்டுவாங்க. நீங்களும் தாழ்த்துங்க" என்று டெட்லெஃபின் காதைக் கடித்தேன்.

ஃபூ தாழ்த்தினார். டெட்லெஃப் அதற்கும் கீழே போனார். ஃபூ விடுவாரா? இடுப்பு, முழங்கால் என்று கோப்பைகள் இறங்கின. முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காவிட்டால் ஜெர்மனியில் அபசகுனம். அதனால் டெட்லெஃப் பார்வையை எடுக்கவே இல்லை. ஃபூவும் சளைக்காமல் முறைத்தார்.

"விடாதீங்க தலைவரே! இன்னும் கீழ!" கூட்டம் விசிலடித்தது.

கடைசியில் இருவரும் தண்டவாளத்து ஜல்லியில் குப்புறப் படுத்துக் கோப்பைகளை முட்டினார்கள். நுரை மூக்கில் தெறித்தது.

கிரேன் ஓட்டும் உல்ரிகே மேலிருந்து கத்தினாள்: "அடப்பாவிங்களா! இந்தப் பணிவுல பாதி பேச்சுவார்த்தையில இருந்திருந்தா, ரயில் போன வருஷமே வந்திருக்குமே!"