தானே இறுகும் சுவர்

நானா றஸ்மியின் விரலிடுக்கில் இறுகிக் கிடந்த கொங்கிரீட்டில் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தான் மின்ஹாஜ். ஆஸ்பத்திரியில் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். இது மட்டும் போகவில்லை. நகத்தால் நெம்பினான், தோலும் சேர்ந்து வந்தது.

"விடுங்க தம்பி." இறந்தவரைக் குளிப்பாட்ட வந்த லெப்பை அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "மையித்துக்கு நோவு குடுக்கப்படாது."

"தோல்ல தண்ணி படோணுமே, லெப்ப."

"பட்ட மட்டும் போதும். அல்லாஹ் ஏத்துக்குவான்."

ஆலங்குடாவில் எழும்பும் ஹோட்டலில் அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை. றஸ்மி வைப்ரேட்டர்காரன். ஊற்றிய கொங்கிரீட்டுக்குள் அதை இறக்கி, அதிரவைத்து, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுவான். வருடக் கணக்கில் பிடித்ததில் அந்த அதிர்வு கையிலேயே தங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிப்பான். கைக்குழந்தை ஸம்ஹாவைத் தூக்கப் பயந்து, மடியில் மட்டும் வைத்துக்கொள்வான்.

போன வாரம் புதுக் கொங்கிரீட் வந்தது. கஞ்சிபோல ஓடி, நெருக்கமான கம்பிகளுக்குள்ளும் புகுந்து, தானே இறுகிக்கொள்ளும். வைப்ரேட்டர் தேவையில்லை.

"இனி என்ட கைக்கு லீவுடா," என்று சிரித்தான் றஸ்மி. "ஸம்ஹாவத் தூக்கிட்டுக் கடக்கரைக்குப் போறன், பாரு."

கை சும்மா இருந்தவனைச் சுவரின் அடியில் நிறுத்தினார் சுப்பவைசர், சுவர் வார்க்க அடைத்த பலகை இடுக்கில் ஒழுகுகிறதா என்று பார்க்க. பலகையைத் தாங்கிய முட்டுகள் பழைய கொங்கிரீட்டுக்குக் கொடுத்த அதே முட்டுகள். தண்ணீர்போல நிறைவது தண்ணீர்போலவே தள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. றஸ்மி நின்ற பக்கம் பலகை பிளந்தபோது மின்ஹாஜ் மேலே பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிப்பாட்டு, நிப்பாட்டு என்று கத்தினான். பம்ப் நிற்கும்வரை அவன் கையிலிருந்த குழாய் ஊற்றிக்கொண்டேயிருந்தது.

கபன் துணி சுற்றி, கடைசியாக முகம் பார்க்க மதினி அகீலாவைக் கூட்டிவந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, துணிக்குள் கை இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"கடைசியிலயும் நடுங்கிச்சா, தம்பி?"

"இல்ல மதினி."

உண்மையில், கொங்கிரீட்டுக்கு மேலே அவன் கண்டது கையை மட்டும்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சுப்பவைசர் போனில் கேட்டார்: "வாறியா, வேற ஆளப் போடவா?"

போனான். அந்தச் சுவரை மறுபடி ஊற்றி முடித்திருந்தார்கள். பலகையைக் கழற்றியதும் சுப்பவைசர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இரிக்கி. ஒரு ஓட்ட இல்ல பாரு."

மின்ஹாஜ் பார்க்கவில்லை. கழற்றிய பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தான்.