கை நனைத்த வீடு

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லையென்றால் சாப்பிடாமல், தண்ணீர் குடித்ததோடு எழுந்து வந்துவிட வேண்டும். மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி காசிநாதன், கச்சிராயபாளையத்துப் பெரியநாயகி வீட்டில் முழங்கை வரை நனைத்துவிட்டார்.

மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. மகள் எழில்மதி, அதுவரை வந்த மாப்பிள்ளை போட்டோக்களையெல்லாம் பார்த்த வேகத்தில் திருப்பிக் கொடுத்தவள். பெரியநாயகியின் மகன் அன்புச்செல்வன் போட்டோவை மட்டும் தன் செல்லுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். இதற்கு மேல் எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

கடைசியில் தேங்காய்ப்பால் பாயசம் வந்தது. முதல் வாயே லேசாகப் புளித்தது. வைத்துவிடலாமா என்று யோசித்தார். பெரியநாயகியோ கரண்டியும் கையுமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, நல்லால்லீங்களா?"

"தேவாமிர்தம்மா" என்று மடமடவென்று குடித்தார். பொய்க்குக் கூலியாக இன்னொரு டம்ளர் வந்தது. பக்கத்தில் மனைவி ஆண்டாள், தனக்குச் சர்க்கரை என்று சொல்லித் தன் டம்ளரையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டாள். புண்ணியவதி.

பொழுது சாய்வதற்குள் வயிறு கடமுடா என்றது. மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் டிரிப்ஸோடு கிடந்தார்.

"பாயசம்னு மட்டும் மூச்சு வுட்றாத. கல்யாணம் நின்னு பூடும்" என்று ஆண்டாளிடம் கெஞ்சினார்.

தரகர் செல்லமுத்து சொல்லிச் சேதி தெரிந்து, பெரியநாயகி டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கையில் சாத்துக்குடிப் பை. முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க வூட்ல சாப்ட்டது ஒத்துக்கலீங்களா?"

"சேச்சே. அதெல்லாம் இல்லம்மா. ராத்திரி வூட்டுக்குப் போய் சாப்ட்டேன், அதான்."

"ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?"

பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கண்ட இடத்தில் தின்கிற ஆள் என்று நினைத்துவிட்டால்? கௌரவம் பெரிது பாருங்கள்.

"எழிலு காரக்கொழம்பு வெச்சிருந்துச்சி. பொண்ணு ஆசையா வெச்சதாச்சே, கொஞ்சம் ஜாஸ்தியா சாப்ட்டுட்டேன்."

பெரியநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைப் பார்த்துக் காசிநாதனுக்குப் பாதி நோய் விட்டுப்போனது. எவ்வளவு சாமர்த்தியமாகக் காப்பாற்றிவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். ஆண்டாள்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வீடு திரும்பிய அன்றே செல்லமுத்து போன் செய்தார். காசிநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அவங்க வேணாங்கறாங்கண்ணே. பெத்த அப்பனையே ஆஸ்பத்திரில படுக்க வெச்ச கையி, எம்புள்ளைய இன்னா பண்ணுமோன்னு அந்தம்மா பயந்துக்கினு கீது."

ஆண்டாள் சொல்லிப் பாயச விஷயம் ஏற்கெனவே தெரிந்த எழில்மதி, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று அவர் பயந்தார். அவள் அழவில்லை.

"அன்னிக்கி ராத்திரி நான் அடுப்பே பத்த வெக்கலியேப்பா."

அவர் செல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாயசம் புளிச்சிதுன்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"கல்யாணம் நின்னிருக்கும்மா" என்றார் காசிநாதன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.