கதவு எண் 417

எங்கள் தூன்ஹா நகர அலுவலகத்துக்குப் புதுத் தலைவராக வந்த டாக்டர் உர்தானேத்தா, தலைநகர் போகோத்தாவில் தலைமைப் பண்பு பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். வைத்தியம் தெரியாது, எங்கள் ஊரில் மேஜை பெரிதாக இருந்தால் டாக்டர்தான். "ஊழியர்களுக்கும் எனக்கும் நடுவுல எந்தத் தடையும் இருக்கக்கூடாது" என்று தன் அறைக் கதவையே கழற்ற வைத்தார். கீல்களைச் சாதனைச் சான்றாக மேலிடத்துக்கு அனுப்பினார். நாங்கள் கைதட்டினோம். தட்டாமல் பிழைக்க முடியுமா?

இதில் மாட்டிக்கொண்டது எதெல்வினா அக்காதான். முப்பத்தொரு வருட வேலை, வரும் வெள்ளிக்கிழமை பணி ஓய்வு. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு சாமானும் யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்கும். அதைச் சரியாக ஒப்படைத்தால்தான் விடுவிப்புச் சீட்டு. சீட்டு இல்லையேல் ஓய்வூதியம் இல்லை. டாக்டரின் அறைக் கதவு, சாமான் பட்டியலில் கதவு எண் 417, அக்காவின் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை சாமான்களைச் சரிபார்க்கும் அதிகாரி பார்ரா வந்தார். சுவரில் சாய்த்திருந்த கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இது பலகைம்மா. கதவுன்னா நிலையில நின்னு திறந்து மூடணும்."

"டாக்டர்தான் சார் கழட்டச் சொன்னாரு."

"அது அவர் பாடு. எனக்குக் கதவு வேணும்."

அக்கா நேராக உள்ளே போனார். "டாக்டர், கதவைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. என் பென்ஷன் நிக்குது."

"எப்ப வேணாலும் வந்து பேசலாம் எதெல்வினா. அதுக்குத்தானே கதவையே எடுத்தேன்."

"அதான் வந்து பேசிட்டேனே, டாக்டர்."

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபமா இருக்கு" என்று மகிழ்ந்து, ஊழியர் மனநிலை பற்றிய சுற்றறிக்கையைத் தொடர்ந்து தட்டச்சு செய்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் நான்கு பேர் கதவைத் தூக்கி நிலையில் நிறுத்தினோம். கீல் இல்லாததால் நாங்களே கீலாக நடந்து திறந்தோம், மூடினோம். மூச்சு வாங்கியது.

"நல்லா வேலை செய்யுது" என்று பார்ரா முத்திரை குத்திச் சீட்டை அக்காவிடம் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "புதுப் பொறுப்பாளர் கையெழுத்து போடுற வரைக்கும் இதை யாரும் நகர்த்தக்கூடாது. திங்கக்கிழமை வரேன்."

"யாருப்பா அது கதவ மூடினது?" என்று உள்ளிருந்து டாக்டர் கேட்டார். 'நான்தான்' என்று சொல்பவன் தலையில்தான் கதவு விழும்.

அக்கா தயங்கினார். "வேணும்னா கதவு இன்னும் ஒரு வாரம் என் பேர்லயே..."

"வாயை மூடிட்டுக் கெளம்புங்கக்கா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சீட்டைப் பையில் பத்திரப்படுத்தி, படியிறங்குமுன் திரும்பிக் கையசைத்தார். பதிலுக்கு அசைக்க, கதவைப் பிடித்திருந்த எங்களில் யாருக்கும் ஒரு கைகூடக் காலியாக இல்லை.