தண்ணீருக்குக் கீழே இபோஹல்

இபோஹல் லோக்தாக் ஏரியில் மூழ்கி மூன்று வருஷம் கழித்து அவன் மனைவி தம்பால் கர்ப்பமானாள். பிள்ளைக்குத் தகப்பன் இபோஹல்தான் என்றாள். தங்கள் குடிசையைத் தாங்கி மிதக்கும் புல்திட்டுக்கு அடியில் அவன் சௌக்கியமாக இருப்பதாகவும், மூச்சுப்பூச்சிகள் அவனைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அந்தப் பருவத்தில் மீனும் சரியாக அகப்படவில்லை. ஊருக்குப் பேச இது போதுமானதாக இருந்தது.

மூச்சுப்பூச்சியை ஏரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டைவிரல் நகம் அளவு, செம்பு நிறம், துடுப்புப் போலப் பின்னங்கால்கள். மற்ற நீர்ப்பூச்சிகள் வயிற்று மயிரில் காற்றுக்குமிழியை ஒட்டிக்கொண்டு முங்கி, அதைத் தாங்களே சுவாசித்துத் தீர்த்துவிடும். இது அதைக் கீழே கொண்டுபோய்க் குஞ்சின் வாயில் வைக்கும். முட்டையிடுவது காற்று எட்டாத வேர்களில் என்பதால் அப்படி ஒரு பழக்கம். கண் கிடையாது. திறந்திருக்கிற வாயெல்லாம் அதற்குக் குஞ்சு வாய்தான். ஆனாலும் ஒரு முழு ஆளுக்கு, அதுவும் மூன்று வருஷம் என்றதை யாரும் நம்பவில்லை.

எல்லோரையும்விட நம்பாதவன் இபோஹலின் அண்ணன் மாங்லெம். தம்பி மூழ்கிய அன்று மீன்பிடிக்கக் கூடப் போனவன் அவன்தான். திட்டு பிளந்து தம்பி உள்ளே போனதும் மூங்கில் கழியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தான். மேற்கே மேகம் கறுத்தது. பயந்துபோய்ப் படகைக் கரைக்கு வலித்துவிட்டு, இருட்டும்வரை தேடினேன் என்று ஊரில் சொன்னான். கருமாதியும் அவனே செய்தான். தம்பி உயிரோடு இருந்தால், உயிரோடு இருந்தவனைக் கைவிட்டு வந்தவன் இவன் என்றாகும். அதனால் தம்பால் கெட்டுப்போனவளாக இருப்பதே அவனுக்கு வசதியாக இருந்தது. மண்ணெண்ணெய் கொண்டுவருகிறவனைச் சந்தேகப்பட்டான், வலை பின்னுகிறவனைச் சந்தேகப்பட்டான், பல் போன பூசாரியைக்கூட விடவில்லை. குடிசைத் தரையில் பாத்திரம் கழுவ விட்டிருந்த துளைவழியாக அவள் இலைப்பொட்டலத்தில் சோற்றைத் தண்ணீருக்குள் இறக்குவதைப் பார்த்துவிட்டு, சுத்த நடிப்பு என்றான்.

ஒரு காலையில் பெண்கள் சங்கம் எட்டுப் படகில் வந்து இறங்கியது.

“எவன்னு சொல்லிட்டா அவனையே கட்டிவெச்சிடுறோம். பொய் சொன்னா ஏரியைவிட்டே போகணும்,” என்றாள் தலைவி ரோமனி.

“கட்டினவரையே எத்தனை தடவைக்கா கட்டுறது?” என்றாள் தம்பால்.

“மூணு வருஷமா மேல வராம கீழ என்ன புடுங்குறானாம்?” என்றான் மாங்லெம்.

“மேல வந்தா மூச்சு முட்டுதாம் அண்ணே. நீங்களும் என்ன மாதிரி இறங்கிப் பாருங்க. உங்களத்தான் விசாரிச்சுக்கிட்டே இருக்காரு.”

எட்டுப் படகுப் பெண்களும் அவனையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு துளைக்குள் இறங்கினான்.

கீழே ஒன்றும் தெரியவில்லை. வேர்கள் முகத்தில் உரசின. பூச்சிகள் கன்னத்தை நெருடிவிட்டு, அவன் பயத்தில் வாயை இறுக்கி மூடியிருந்ததால், தாண்டிப் போயின. கயிறு எங்கோ சிக்கியது. நெஞ்சு வெடிக்கும்போல ஆனது. அப்போது ஒரு கை அவன் தாடையைப் பிடித்தது. சுண்டுவிரல் வளைந்த கை என்று தொடுகையிலேயே தெரிந்தது. தம்பிக்குச் சிறுவயதில் அந்த விரல் முறிந்தபோது கோணலாகக் கட்டுப்போட்டவன் மாங்லெம்தான். அந்தக் கை தம்பியின் உதட்டிலிருந்த குமிழியை எடுத்து, அண்ணன் வாயைத் திறந்து, உள்ளே வைத்தது. பிறகு அடுத்ததையும் வைத்தது. தனக்கு எடுத்துக்கொள்ளாமல் ஏழு குமிழிகள் கொடுத்துவிட்டுத்தான் சிக்கலை அவிழ்த்தது.

மேலே வந்தவன் வெகுநேரம் அழுதான்.

“யாருய்யா அங்க?” என்றாள் ரோமனி.

“என் தம்பி. நான் அன்னைக்குத் தேடல. ஒரு பீடி குடிக்கிற நேரம்கூடத் தேடல.”

தம்பால் அவனுக்குத் தலை துவட்டத் துணி கொடுத்தாள்.

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இபோஹல், உயிருடன் இருக்கிறார், வசிப்பது அதே குடிசை என்று எழுதச் சொல்லி, மாங்லெம் கீழே கையெழுத்துப் போட்டான்.