நாலாவது பத்து

லிப்ட் மெக்கானிக்குக் கை பரபரத்தது. அந்த ஆஸ்பத்திரி லிப்ட் மூன்றாம் மாடியில் தரைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் தடுக்கினார்கள். வேறொரு நாளாக இருந்தால் யாரிடமும் கேட்காமல் வேலையில் இறங்கியிருப்பார். இன்றைக்கு, இந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அவருடைய மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாள்.

மகளுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இந்தக் குழந்தை முப்பத்தேழு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, இன்று காலையில் திடீரென்று இதயத் துடிப்பை இறக்கிக் காட்டியது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், இரண்டு உயிரையும் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். மருமகன் விளையாட்டு வாத்தியார். ஐம்பது பிள்ளைகளை ஒரு விசிலில் அடக்குகிற மனுஷர், ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வந்து, பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏன் எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தார்.

செபமாலை சொல்லலாமா என்று மெக்கானிக் பொதுவாகக் கேட்டார். கேட்டதென்னவோ பொதுவாக, கண் மட்டும் மனைவி முகத்தில் இருந்தது. அவள் பெஞ்சில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் கடவுளோடு டூ விட்டு மூன்று வருடம் ஆகிறது. மகன், பத்தொன்பது வயசு, மழை நாளில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள், அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. கேட்டால், "அவர் வீட்டுக்குப் போறேன்ல? அது போதும். பேச மாட்டேன்" என்பாள்.

செபமாலை என்றால் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஏசு, மாதா கதையில் ஒரு கட்டத்தைச் சொல்லி ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்த வீட்டில் அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் பத்து அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது, மூன்றாவது மகள், நாலாவது மகன், ஐந்தாவது எல்லோரும் சேர்ந்து. மகன் சொன்னால் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் பத்து மணியையும் மூன்றே நிமிஷத்தில் முடிப்பான். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நாலாவது வந்தபோது யாருக்கும் வாய் வரவில்லை. அவன் எடுத்துக்கொள்கிற அந்த மூன்று நிமிஷமும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மெக்கானிக் ஐந்தாவதுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் காதைத் திருகியிருப்பார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

முதல் பத்தை ஆரம்பித்ததுமே எதிர் பெஞ்சிலிருந்து ஒரு லாரி டிரைவர் எழுந்து வந்து, தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். அவர் மனைவிக்கும் உள்ளே வலி எடுத்திருந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் குரல் மட்டும் ஏர் ஹாரன். நர்ஸ் வந்து இரண்டு தடவை அதட்டினாள். அம்மாவின் பத்தையும் வழக்கம்போல மெக்கானிக்கே சொன்னார். மகளுடையதை மருமகன் சொன்னார். சொல்லும்போதே கண் கதவுக்கும் கடிகாரத்துக்குமாக ஓடியது.

நாலாவது வந்தது. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டிரைவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிப் பார்த்தார். மறந்துவிட்டார்கள் போல, எடுத்துக் கொடுப்போம் என்று அவருக்கு நல்லெண்ணம்.

"நாலாவது நிக்குதுங்களே. யாரு சொல்றது?"

மெக்கானிக் செபமாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். என்னத்தைச் சொல்ல? மருமகன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எதுவோ கணகணவென்று விழுந்த சத்தம் கேட்டது. யாரோ உள்ளேயிருந்து ஓடிவந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினார்கள். 

"எங்க பையன் சொல்றது. அவன் இல்ல. நான் சொல்றேன்."

மூன்று வருடமாகச் செபத்தில் கேட்காத மனைவியின் குரல். மெக்கானிக் திரும்பிப் பார்க்கக்கூடப் பயந்தார், பார்த்தால் நின்றுவிடுமோ என்று.

"நாலாவது. மாதா தன் பிள்ளையைக் கோயில்ல கொண்டுபோய் ஒப்புக்கொடுத்தது" என்றாள். பிறகு மணியைப் பிடித்தபடியே, புத்தகத்தில் இல்லாததைப் பேசினாள். "நான் ஒப்புக்கொடுக்கல ஆண்டவரே. நீயா எடுத்துக்கிட்ட. குடுக்க மாட்டேன்னு இத்தனை நாள் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குக் குடுத்துட்டேன். உள்ள இருக்கிற ரெண்டு பேரும் உன் கையில. நீ என்ன செஞ்சாலும் சரி, நாளைக்கும் உன்கூடப் பேசுவேன்."

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், மகனே வந்து உட்கார்ந்தது போல ஒரு வேகம்! டிரைவர் பதில் சொல்ல மூச்சு வாங்கினார். ஆறாவது மணியில் கதவு திறந்தது. நர்ஸின் கையில் ஒரு பச்சைத் துணிப் பொட்டலம், அதற்குள்ளிருந்து ஊரைக் கூட்டுகிற அழுகை.

பொண்ணு, அம்மாவும் நல்லாயிருக்காங்க என்றாள் நர்ஸ். மருமகன் ஒரே தாவாகத் தாவி, மனைவியைப் பார்க்க விடுவார்களா என்று மூன்று தடவை கேட்டார். டிரைவர் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்குச் சிரிப்பும் வந்தது, விக்கலும் வந்தது. அவர் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையை உயர்த்தி நர்ஸை நிற்கச் சொல்லிவிட்டு ஏழாவது மணியைச் சொன்னாள்.

நர்ஸின் முகம் சுருங்கியது. "ஏம்மா, பொண்ணுன்னா எழுந்து வந்து வாங்க மாட்டீங்களா?"

"ஐயோ, அது இல்ல சிஸ்டர்" என்று டிரைவர் பதறினார். "இன்னும் மூணு பாக்கி இருக்கு."

கையை மட்டும் நீட்டினாள். பேத்தி மடிக்கு வந்தது. குழந்தை ஒரு பக்கம் வீறிட, இவள் ஒரு பக்கம் கன்னமெல்லாம் கண்ணீராக மீதி மூன்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். முடித்த பிறகுதான் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே, "அஞ்சாவது எடுங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

மெக்கானிக் எடுத்தார். "அஞ்சாவது. காணாமப் போன பிள்ளையை..."

மேலே ஓடவில்லை. தொலைந்துபோன சிறுவன் ஏசு தன் அப்பா வீடான கோயிலில் கிடைத்தார் என்பதுதான் மீதி. மூன்று வருடமாக, இந்தக் கட்டங்களுக்கான கிழமைகளான திங்களும் சனியும் நாக்கு பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வரி. இத்தனை நாளில் அவர் அதைக் காதால் கேட்டதே இல்லை போல. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, மகன் போன அன்றுகூட அழாத அழுகையை அந்தத் தாழ்வாரத்தில் வைத்து அழுதார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் மனைவி பேத்தியோடு எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"பிள்ளை எங்கயும் தொலையலங்க. அப்பா வீட்லதான் இருந்துச்சு. சொல்லுங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.