கனகாவின் முன்வாசல்

இருபத்திரண்டு பக்கங்கள் வரைந்து முடிந்த பிறகுதான் பிரியம்வதா அந்தக் கேள்வியைக் கேட்டாள். படக்கதையை எழுதுகிறவள் அவள், வரைகிறவள் ஆர்த்திகா. இருவருக்குமே அது முதல் புத்தகம். பேரையூர்ப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டில் வளரும் கனகா என்ற பத்து வயதுப் பெண்ணைப் பற்றிய கதை. அட்டையைத் திருப்பினால் முதல் பக்கம் முழுவதும் கனகாவின் வீடு நிற்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும்தான் பாக்கி.

"ஆர்த்தி, வீடு அவ்வளவு உயிரோட இருக்கு. ஆனா எல்லாரும் ஏன் பின்வாசல் வழியாவே வர்றாங்க? கனகாவோட அக்காவப் பொண்ணு பாக்க வர்றவங்ககூட மாட்டுத்தொழுவத்தத் தாண்டித்தான் வர்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆர்த்திகா பக்கங்களைப் புரட்டினாள். உண்மைதான். தபால்காரர், டாக்டர், பட்டுச்சேலை கட்டிய சம்பந்தி வீட்டார் என்று அத்தனை பேரும் சாணியை மிதிக்காமல் வேட்டி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கொல்லைப்புறமாகவே வந்துகொண்டிருந்தார்கள். வரையும்போது ஒரு தடவைகூட அது அவளுக்கு உறைக்கவில்லை.

படக்கதைக்கு வீடு வரைகிறவர்கள் முதலில் தரைப்படம் போட்டுக்கொள்வார்கள். எந்தப் பக்கம் எந்தக் கதவு என்று தீர்மானித்துவிட்டால்தான் ஒரு கட்டத்தில் இடப்பக்கம் இருக்கும் ஜன்னல் அடுத்த கட்டத்தில் வலப்பக்கம் தாவாது. ஆர்த்திகாவும் போட்டிருந்தாள். அதில் சாக்கடை எங்கே வளைகிறது, விறகு எந்தச் சுவரோரம் அடுக்கியிருக்கிறது, மாடுகளுக்கான கழனித் தொட்டியின் எந்த மூலை உடைந்திருக்கிறது என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. முன்பக்கம் ஒரே ஒரு கோடு.

கற்பனையென்று அவள் நினைத்திருந்த அந்த வீடு நிஜமாகவே இருக்கிறது. அவளுடைய அம்மா பாண்டிமீனா பதினெட்டு வருடம் அங்கே தொழுவம் கூட்டினாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஆர்த்திகாவையும் கூட்டிப் போவாள். காலனியிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கண்மாய்க்கரை வழியாகப் போய், கொல்லைப்புறம் நுழைந்து, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அப்படித்தான் வர வேண்டும் என்று யாரும் பலகை எழுதி மாட்டியதில்லை. மாட்ட வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை பார்த்த வீடு அவ்வளவுதான்.

நெட்டில் தேடி வாசல் வாசலாக வரைந்து ஒட்டிப் பார்த்தாள். எந்த முகமும் அந்த முதுகுக்குப் பொருந்தவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சொந்தக் கையால் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அதற்குள்ளேயும் பின்வழியாகத்தானே நுழைந்திருக்கிறாள்.

"அம்மா, அந்த வீட்டு முன்பக்கம் எப்படி இருக்கும்?"

பாண்டிமீனா இப்போது மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தொழுவம் கூட்டுறவளுக்கு முன்வாசல்ல என்னடி சோலி? நான் எங்க கண்டேன்."

"பதினெட்டு வருசத்துல ஒருநாக்கூடவா?"

"அம்புட்டு வருசம் நான் மாட்டப் பாத்தேன். வீட்டவா பாத்தேன்?" வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு அவளே கேட்டாள். "எதுக்கு இப்ப?"

ஆர்த்திகா பக்கங்களைக் காட்டினாள். பாண்டிமீனா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உடைந்த தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நோட்டை மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊருக்குப் போக அவள்தான் முதலில் கிளம்பி நின்றாள்.

டி. கல்லுப்பட்டி வழியாகப் பஸ்ஸில் போனார்கள். பேரையூரில் மினிபஸ் பிடித்து ஊருக்குள் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பாண்டிமீனாவின் கால்கள் தன்னால் கண்மாய்ப் பக்கம் போயின. ஆர்த்திகா அவள் கையைப் பிடித்துத் தெருவுக்குள் கூட்டிப் போனாள். தெருவில் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஒரு டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வீடு சாதாரணமாக இருந்தது. ரோஸ் பெயிண்ட் உதிர்ந்த இரண்டு தூண், ஐந்து படி, நிலைக்கு மேலே திருஷ்டிப் பூசணி, ஓரமாக ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.

"இம்புட்டுதானா?" என்றாள் பாண்டிமீனா. அதை அவள் சொன்ன விதம் இம்புட்டுக்குத்தானா என்று கேட்டது போலிருந்தது. ஆர்த்திகா எதிர்வீட்டு நிழல்கூட எட்டாத இடத்தில் நின்று நோட்டைப் பிரித்தாள். அம்மா முந்தானையை விரித்துத் தாள்மேல் நிழல் பிடித்தாள்.

பாதி வரைவதற்குள் கதவு திறந்தது. வீட்டுக்காரரின் மகன் முத்துக்குமரன். தலை நரைத்திருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, பாண்டிமீனாவா? எம்புட்டு வருசமாச்சு! இது உன் மகளா?"

"ஆமாங்கய்யா. படம் வரையுது. புத்தகத்துக்கு."

"நம்ம வீட்டையா? நல்லது, நல்லது. ஏன் வெயில்ல நிக்கிறீங்க? பின்னால வாங்க, மோர் தரச் சொல்றேன். குடிச்சிட்டுப் போகலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை. அதுதான் ஆர்த்திகாவைச் சுட்டது. பென்சில் நின்றுவிட்டது. கொல்லைக்குப் போகும் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் அம்மாவின் வலது கால் ஒரு எட்டு எடுத்து வைத்ததை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். தான் சொல்லி அம்மா நின்றால் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியதும் அடக்கிக்கொண்டாள்.

எடுத்து வைத்த காலை பாண்டிமீனா குனிந்து பார்த்தாள், அது யாருடைய கால் என்பதுபோல. பிறகு அதைத் திரும்ப எடுத்து முதலில் நின்ற இடத்திலேயே வைத்தாள். சரிந்திருந்த முந்தானையை உயர்த்தி மறுபடியும் தாள்மேல் நிழலாக்கினாள்.

"மோரெல்லாம் வேணாங்கய்யா. பிள்ள முன்பக்கம் பாத்து வரையத்தான் வந்துச்சு." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வாசல் மறைக்கிது."

முத்துக்குமரன் திரும்பித் தன் வாசலை ஒருமுறை பார்த்தார். அப்புறம், வேறென்ன செய்வதென்று தெரியாதவராக, கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் ஒதுங்கி நின்றார்.