ஒரு புட்டியில் இரண்டு மருந்து

பிள்ளை மருந்தில் கலப்படம் செய்கிறவன் கை விளங்காமல் போக என்று மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுகிறேன் என்பதுதான் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

என் மகள் கண்ணாத்தாளுக்கு ஆறு வயது. வலிப்பு நோய். கார்த்திகையில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தோம். காலையில் ஒரு கரண்டி, சாயந்திரம் ஒரு கரண்டி என்று நர்சம்மா ஆரஞ்சு நிற மருந்தை ஊற்றினாள். ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. கையில் ஒரு மாதத்து மாத்திரையும், அது தீர்ந்தால் வெளியில் வாங்கிக்கொள்ள அதே ஆரஞ்சு மருந்துக்குச் சீட்டும் கொடுத்து, ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தையில் அறுப்புக் கூலித் தகராறு வந்தது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட பாவத்துக்கு என் வீட்டுக்காரர் மருதையனைத் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு சாமானும் விற்கக் கூடாது என்று மிராசுதாரின் காரியஸ்தர் தியாகராசன் கீழ்வேளூர்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கோட்டையில் நம்ம ஆட்சியாம்! உப்பு வாங்க முடியவில்லை. மருந்துக் கடை ஹாஜா மைதீன் பாய் மட்டும், "கொல்லைப் பக்கமா வாம்மா" என்று புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் புட்டியை நான் கைக்குழந்தையைப் போலத்தான் கொண்டுவருவேன். நாலு மைல் வரப்பு. மார்போடு சேர்த்துப் பிடித்து, துளிகூடக் குலுங்காமல் நடப்பேன். வீட்டில் மாடத்தில் வைத்தால் அசைக்கவே மாட்டேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் செம்மண்ணாகத்தான் வரும். குடத்தில் தெளிய வைத்து மேலாக மொண்டுதானே குடிக்கிறோம்? கஷாயமும் அப்படித்தான். மருந்துக்கு அடியிலும் வண்டல் நின்றது. பிள்ளைக்குத் தெளிவாகக் கொடுக்க வேண்டும் என்று மெல்லச் சாய்த்து ஊற்றினேன்.

தையில் வாங்கிய முதல் புட்டி திறந்த புதிதில் வலிப்பு வந்தது. பாதிக்குக் கீழே போனதும் வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை கள் குடித்தவள் மாதிரித் தள்ளாடினாள், பேச்சுக் குழறியது, கண்மணி ஆடியது. மருந்து நல்லதா கெட்டதா, எவனாவது கலப்படம் செய்கிறானா? ஒன்றும் பிடிபடவில்லை. மாசியில் புதுப் புட்டி திறந்து பத்து நாள் வலிப்பே இல்லை. நாகூராருக்கு நேர்ந்துகொண்ட பலன் என்று நினைத்தேன். பதினோராம் நாள் பார்க்கிறேன், இந்தக் கழுதை புட்டியைக் குலுக்கிக் குலுக்கி நுரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பைக் காம்பால் புறங்கையில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் மாடத்துப் பக்கமே போகவில்லை. நாலு நாளில் வலிப்பு திரும்பிவிட்டது.

பங்குனியில் மூன்றாம் புட்டியைத் திறந்ததும், பாலைச் சோதிக்கிற மாதிரி நகத்தில் ஒரு சொட்டு வைத்தேன். தண்ணீராக ஓடியது. மாசிப் புட்டியின் அடியில் கிடந்ததை வழித்து வைத்தேன். சந்தனம் போல் நின்றது. மூடியின் முத்திரையை நான்தானே உடைத்தேன்? தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும்? காரியஸ்தர் சொல்லி நடக்கிறதோ? கொல்லைக் கதவுக்கென்று தனிச் சரக்கோ? அன்று காலையும் பிள்ளை விழுந்து பல்லில் ரத்தம். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு புட்டியையும் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே கடைக்குப் போனேன்.

"என்ன பாய், தண்ணி விக்கிறீங்களா? எங்க தெருப் புள்ளன்னா அவ்வளவு எளப்பமா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் முகம் கறுத்துவிட்டது. "வார்த்தைய அளந்து பேசும்மா. ஒனக்குக் கொடுத்ததுக்கு அந்தக் காரியஸ்தர்கிட்ட நான் வாங்கின பேச்சு ஒனக்குத் தெரியுமா?"

"அப்ப இத பாருங்க." நகத்தில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். அது ஓடியது.

பாய் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கி, புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"ஐயய்யோ, கலக்காதீங்க பாய்! கசடு மேல வந்துரும்!"

"கசடா? அதாம்மா மருந்து! மேல நிக்கிறது வெறும் பாகு. தெனம் இப்படிக் குலுக்கித்தான் கொடுக்கணும். நீ மேலாப்புலயே ஊத்தினா மொதல்ல மருந்தே சேராது, கடைசியில எல்லாம் ஒண்ணாச் சேந்து ஏறிடும்." மறுபடி ஒரு சொட்டு என் நகத்தில் வைத்தார். கெட்டியாக நின்றது.

"யாருமே சொல்லலையே."

"இங்க எழுதியிருக்கே..." என்று புட்டியைக் காட்ட வந்தவர் நிறுத்திக்கொண்டார். பஸ் போர்டெல்லாம் தமிழாகிவிட்டது, புட்டியில் எல்லாம் இங்கிலீஷ். "ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். கதவ சீக்கிரம் சாத்துற பயத்துல நானும் மூணு தடவ சும்மா கொடுத்துட்டேன். என் தப்பும்தாம்மா." மாசிப் புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "இனிமே இது ஒரு சொட்டும் ஆகாது, அடியில மருந்து அளவுக்கு மீறித் தங்கியிருக்கு. புதுசையும் தஞ்சாவூர் டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டுக் கொடு. சாயந்திர பஸ்ஸுக்கே கெளம்பு" என்றார். ஒரு தாளில் 'குலுக்கிக் கொடுக்கவும்' என்று பெரிதாக எழுதிப் புட்டியில் ஒட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கடை நடுவில் நின்று கத்தினேனே, அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் புட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். யார் மேல் கோபப்படுவது? கலப்படக்காரன் என்று ஒருவன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வரப்பு நெடுகப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே அழுதுகொண்டு வந்தேன்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது கண்ணாத்தாள் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அப்ப எத்தன நாளு குலுக்குன?"

"நீ மருந்துக்குக் கூப்புடறதுக்கு முன்னாடி... தெனமும்," என்றாள் பயந்துகொண்டு.

அந்தப் பத்து நாளும் என் பிள்ளை தனக்குத்தானே வைத்தியம் பார்த்திருக்கிறாள். நான்தான் அடித்து நிறுத்தினேன். புட்டியை அவளிடம் நீட்டினேன். "இந்தா, இனிமே நீதான் குலுக்கணும். நல்லாக் குலுக்கு."

அவள் வாங்கவில்லை. கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு கேட்டாள்: "அடிக்க மாட்டியேம்மா?"